பச்சை பெல்ட்டும் பகல் தூக்கமும்

சேக்காட்டில் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் கராத்தே வகுப்பு மறுபடியும் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, யார் வீடு எப்படிப்பட்ட வீடு என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஊரடங்குக் காலம் முழுக்க வகுப்பு போனில்தான் நடந்தது. மாஸ்டர் வெற்றிச்செல்வன் தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று செய்துகாட்ட, மாணவர்கள் அவரவர் வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் செய்தார்கள். கட்டா என்பது எதிரில் இல்லாத எதிரியோடு வரிசை மாறாமல் போடும் சண்டை. இடம் இருந்தால் அது அழகு. இல்லாவிட்டால் அந்த எதிரி நம் வீட்டுச் சாமான்களுக்குள் புகுந்துகொள்கிறான்.

அன்றைக்குச் சுண்ணாம்பில் போட்ட வட்டங்களுக்குள் எல்லோரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். கட்டா தொடங்கியது. பாதியில் லோகேஷ் ஒன்றுமே இல்லாத தரையில் இடது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தான்.

மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "அங்க இன்னாடா கீது?"

"கிரைண்டர் மாஸ்டர்."

காலேஜில் படிக்கும் நிஷா ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் தலையைக் குனிந்தாள். அவள் வீட்டு பால்கனியில் துணி காயும் கொடி. ரேஷன் கடையில் எடை போடும் கிருபாகரன் குத்துவிடும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கேட்டால், பீரோ கண்ணாடி ஒருமுறை உடைந்துவிட்டது, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றார். மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார். மூன்று என்று சொன்னதும் தன்னையறியாமல் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"இங்க குக்கர் இல்ல மாஸ்டர்" என்றான் லோகேஷ்.

ஷெட்டே சிரித்தது. இரண்டு வருஷம் அவரவர் பயத்தோடு அவரவர் வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு, ஒருவர் வீட்டுக் குக்கர் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே ஒரு ஆறுதலாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் அருள்செல்வியின் கட்டாவில் மட்டும் வீடு தெரியவில்லை. நாற்பதைத் தொடப்போகிற வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மாத்திரை அட்டைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மகள் ஷாரனைச் சேர்க்க வந்து, தானும் சேர்ந்து, மகள் ஒரே மாதத்தில் விட்டுவிட்டுப் போன பிறகும் விடாமல் நின்றவள். காலும் கையும் அளந்து வைத்ததுபோல் போயின. சரியாகப் பாதியில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, குத்தோடு சேர்ந்து அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் வர வேண்டும். அதற்குக் கியாய் என்று பெயர். அருள்செல்வி வாயைத் திறந்தாள். வயிறு இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில்கூட அந்தக் கத்தல் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"அக்கா, மியூட்ல கீறீங்க" என்றான் லோகேஷ்.

அன்றிலிருந்து அவள் மியூட் அக்கா ஆனாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் அதிகம் சத்தமில்லை.

அவளுடைய வீடு கட்டாவில் தெரியவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது தவறு. அந்தச் சத்தமின்மைதான் அவள் வீடு. சேக்காட்டில் ஒரு மாடிக்குக் கீழே ஒரே ஒரு கூடம், ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. கூடத்தில் பாதி கட்டில். அவள் கணவன் ஆன்டோ, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் இரவு ஷிப்ட். விடிந்த பிறகு வந்து, இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, போர்வையை முகம்வரை இழுத்துப் படுப்பான். அப்போதுதான் போனில் கராத்தே வகுப்பு தொடங்கும். சமையலறையில் ஷாரனுக்கு ஸ்கூல் வகுப்பு. ஆக, அருள்செல்விக்குக் கிடைத்தது கட்டிலின் கால்மாட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடைப்பட்ட இடம். ராத்திரி முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து தூங்குகிற மனுஷனை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த கியாயை அவள் மூச்சாகவே பழகினாள். ஊரில் தினம் ஒரு சாவுச் செய்தி வந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அவள் பயப்படாமல் இருந்த நேரம் அந்த ஒன்றுதான். வகுப்பு முடிந்ததும் மாதா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

இப்படித்தான் அவள் பச்சை பெல்ட் வாங்கினாள். பூந்தமல்லியில் இருக்கும் பெரிய மாஸ்டர் திருவேங்கடம் போனிலேயே டெஸ்ட் வைத்தார். அருள்செல்வி கியாய்க்கான இடத்தில் வாயைத் திறந்தபோது, "அம்மா, மைக் ஆஃப்ல இருக்கு. பரவால்ல, வாய் தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மைக் ஆஃபில் இல்லை. அதைச் சொல்ல அவள் விரலை நீட்டிய நேரத்தில் நெட் போய்விட்டது. நெட் திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெல்ட்டை அவள் இஸ்திரி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஆனால் அதைக் கட்டும்போதெல்லாம் இடுப்பில் ஏதோ குத்தியது. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதையும் சொன்னாள். ஞாயிறு பூசையில் பாட்டையாவது வாய்விட்டுப் பாடும்மா, அதுதான் உனக்குப் பிராயச்சித்தம் என்றார் அவர். அவள் பாடினாள். பக்கத்தில் நின்றவர்கள் அவள் பாட்டுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள்.

வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரம் மாஸ்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். போனில் வாங்கிய பெல்ட்டுகளை எல்லாம் நேரில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யப் பெரிய மாஸ்டர் வருகிறார். சரியில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முந்தைய நிறத்துக்குப் போக வேண்டும். லோகேஷ் இனி கிரைண்டரைத் தாண்டமாட்டேன் என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தான். அருள்செல்வி பின்னால் போவது என்றால் ஆரஞ்சு பெல்ட். அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் அவள் இடுப்பு உயரம். அவமானம்கூடப் பெரிதில்லை. அந்தக் கெட்ட காலத்தில் அவள் தனக்கென்று சம்பாதித்த ஒரே பொருள் அது.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் அவளிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "அக்கா, உங்க கட்டாவுல ஒரு குறையும் இல்ல. ஆனா சத்தம் இல்லன்னா பெரியவர் விடமாட்டாரு. எப்டியாவது ஒரு தபா கத்திடுங்க."

கத்துவது அவ்வளவு சுலபமா. சின்ன வயதில் அப்பா தூங்குகிறார் என்றார்கள். கல்யாணமான பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றார்கள். கம்பெனியில் பேசவே கூடாது. ஆண்டவர் குரலைக் கொடுத்துவிட்டு, அதை வைக்க ஓர் இடம் கொடுக்க மறந்துவிட்டாரோ என்று சிலரைப் பார்த்தால் தோன்றும். அருள்செல்வி மொட்டை மாடிக்குப் போய் முயன்றாள். வடகம் காயவைத்திருந்த வீட்டுக்கார அம்மா, என்ன செல்வி கொட்டாவியா என்று கேட்டார். தலையணையை வாயில் வைத்துப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. கடைசியில் ரயில் பாதை ஓரமாகப் போய் நின்று, திருவள்ளூர் வண்டி தடதடவென்று கடந்து போகும்போது வாயைத் திறந்து பார்த்தாள். சத்தம் வந்ததா வரவில்லையா என்று அவளுக்கே கேட்கவில்லை.

வீட்டில் ஷாரன்தான் அம்மாவைக் கண்டபடி கிண்டல் செய்தாள். எலியைப் பார்த்தால்கூட அம்மா வாட்ஸப்பில்தான் கத்துவாள் என்றாள். ஆன்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டெஸ்ட் என்றைக்கு என்று மட்டும் கேட்டான். ஞாயிறு காலை என்றதும், ஷிப்ட் முடிந்து நேரே ஷெட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றான். அவன் அவளுடைய வகுப்பை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வேண்டாம், தூக்கம் கெடும் என்று அவள் சொன்னாள். அதை அவன் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. பெரிய மாஸ்டர் திருவேங்கடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். குட்டையான மனிதர், அடர்ந்த மீசை. சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு வந்தவர்போல் இருந்தார். லோகேஷ் தரையை விட்டுக் காலைத் தூக்காமல் கட்டா போட்டுத் தேறினான். நிஷா தேறினாள். கிருபாகரன் கையை அகல விரித்து, பக்கத்தில் இருந்த தண்ணீர் கேனைத் தட்டிவிட்டு, அப்படியும் தேறினார்.

அருள்செல்வியின் பெயரைக் கூப்பிடும்போதுதான் ஆன்டோ வந்து சேர்ந்தான். தோளில் சாப்பாட்டுப் பை, சட்டையில் ஆயில் கறை. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். தலை சுவரில் சாய்ந்தது. கண் மூடிக்கொண்டது.

"அண்ணாத்தே தூங்கறதுக்கு நல்ல எடமாத்தான் பாத்துகினு வந்துகீறாரு" என்று லோகேஷ் கிசுகிசுத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அருள்செல்வி குனிந்து வணங்கிவிட்டுத் தொடங்கினாள். முதல் அடி, தடுப்பு, திரும்பல், குத்து. ஷெட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கால் தரையில் பதியும் ஓசை மட்டும் கேட்டது. இன்றைக்கு வரும், வரத்தான் போகிறது என்று அவளுக்கே ஒரு நம்பிக்கை பிறந்தது. கியாய்க்கான இடத்துக்கு வந்தாள். அந்தத் திருப்பத்தில் முகம் சுவர்ப் பக்கம் இருக்கும். வாயைத் திறந்தாள். எதிரே ஆன்டோ கண்மூடி, வாய் லேசாகப் பிளந்து, தூங்கிக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். இரண்டு வருஷப் பழக்கம் தொண்டையில் கையை வைத்து அமுக்கிவிட்டது. மூச்சு மட்டும் வெளியே வந்தது.

பெரிய மாஸ்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். "நிறுத்துமா. சத்தம் எங்க?"

அவள் தலைகுனிந்து நின்றாள்.

"அன்னிக்கு போன்ல டெஸ்ட் வெச்சப்போ மைக் ஆஃப்ல இருந்துச்சின்னு நெனச்சேன்."

இல்லை, நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெற்றிச்செல்வன் மாஸ்டரே அப்படி ஏதாவது சொல்லிவிடுங்கள் என்பதுபோல் அவளைப் பார்த்தார். அருள்செல்வி நிமிர்ந்தாள்.

"மைக் ஆன்லதான் இருந்துச்சி மாஸ்டர். அன்னிக்கும் நான் கத்தல. சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சி. அப்புறம் சொல்லல. தப்பு என்னுதுதான்."

சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த பச்சை பெல்ட்டின் முடிச்சில் கையை வைத்தாள். ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. லோகேஷ் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய மாஸ்டர் மீசையைத் தடவினார். பாவம் என்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் உண்மை பேசிய ஒருத்தியின் முடிச்சை அவிழ்க்க அவருக்கும் கை வரவில்லை. "அத இப்போ கழட்டாத. மொதல்லேர்ந்து போடு. இதான் கடைசி. சத்தம் வந்தா பச்சை, வரலன்னா ஆரஞ்சு. சரியா?"

"ஓஸ்" என்று கராத்தே முறைப்படி பதில் சொன்னாள் அருள்செல்வி. அதுவும் மெல்லத்தான்.

மறுபடி முதல் அடி, தடுப்பு, திரும்பல். அவளுக்கு இந்தமுறை நம்பிக்கை எதுவும் இல்லை. சுவர்ப் பக்கம் பார்க்கவே கூடாது என்று நினைத்தாள். ஆனால் கட்டா போகிற வழியில்தான் போக முடியும். அந்தத் திருப்பம் வந்தது. ஆன்டோ அதே மாதிரி கண்மூடிக் கிடந்தான். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

கண்ணைத் திறக்காமல் ஆன்டோ சொன்னான். "செல்வி, நான் முழிச்சிகினுதான் கீறேன். ஊட்லயும் நீ செய்யறப்போ ஒரு நாளுகூட தூங்கனது இல்ல."

இரண்டு வருஷம். ஃபிரிட்ஜில் இடித்துக்கொண்ட முழங்காலுக்குக்கூடச் சத்தம் போடாமல் இருந்த இரண்டு வருஷம். எது முதலில் வந்தது, கோபமா, வெட்கமா, சிரிப்பா என்று பின்னால் யோசித்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

தகரக் கூரை அதிர்ந்தது. விட்டத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியேறின. கோயிலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கிருபாகரன் தண்ணீர் கேனை இன்னொரு தடவை தட்டிவிட்டார். ஆன்டோ கண்ணைத் திறந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த நிமிஷம் அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விட்டது.

அருள்செல்வி கட்டாவை விடாமல் முடித்தாள். இரண்டாவது கியாய் முதலாவதைவிடப் பலமாக வந்தது. குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

பெரிய மாஸ்டர் காதுக்குள் சுண்டுவிரலை விட்டு ஒருமுறை குடைந்துகொண்டார். "பச்சை" என்றார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது என்று நிஷா பின்னால் சத்தியம் செய்தாள்.

வகுப்பு கலைந்த பிறகு கணவனும் மனைவியும் கோயில் மதிலோரம் டீ குடித்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அவனை முறைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான். ஆரம்பத்தில் ஒருநாள் அவள் கராத்தே செய்துகொண்டிருக்கும்போது அவன் புரண்டு படுத்தானாம். அவள் உடனே பாதியிலேயே நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாளாம். அன்றைக்கு முழுக்க அவள் முகம் வாடிக் கிடந்ததாம்.

"நான் முழிச்சிகினு கீறேன்னு தெரிஞ்சா நீ நிறுத்திடுவ. அதான் அசையாம படுத்துகினேன். கொசு கடிச்சாக்கூட காலை ஆட்டமாட்டேன். நீ பஸ்ஸுக்குப் போனப்புறம்தான் தூக்கம்" என்றான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டாவது தபா திரும்பறப்போ டெய்லி ஃபிரிட்ஜுல இடிச்சிப்ப. ஏசுவேன்னு வாய்க்குள்ளயே சொல்லுவ. எனக்கு சிரிப்பு தாங்காது" என்றான்.

அவன் தூங்கட்டும் என்று அவள் கத்தவில்லை. அவள் செய்யட்டும் என்று அவன் தூங்கவில்லை. ஒரே கூடத்தில், நாலடி தூரத்தில், இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் இருவருக்கும் நஷ்டம். நல்லவேளையாக, இப்படிப்பட்ட கணக்கை ஆண்டவர் வேறு மாதிரி போடுகிறார்.

மறுநாள் காலை ஆன்டோ ஷிப்ட் முடிந்து வந்து, இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, போர்வையை முகம்வரை இழுத்துப் படுத்தான். இன்றைக்காவது நிஜமாகத் தூங்குங்கள் என்று அருள்செல்வி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தூங்கறேன், நீ உன் வேலையப் பாரு என்று அவனும் சொல்லியிருந்தான். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று பெல்ட்டை முடிச்சுப் போட்டாள். தூங்கிவிட்டானா என்று குனிந்து கவனித்தாள். மூச்சு சீராக வந்தது. குறட்டைகூட இருந்தது.

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கட்டை விரலில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. நிதானமாகக் குடித்தது. விரல் அசையவில்லை. நிஜமாகத் தூங்குகிற ஆன்டோ கொசு கடித்தால் சுவரையே உதைப்பான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அருள்செல்வி முதலில் கொசுவை விரட்டினாள். பிறகு காலை அகட்டி நின்று, மூச்சை உள்ளே இழுத்தாள்.

சமையலறையில் ஷாரன் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா, செல்வி, என்ன ஆச்சு என்று கேட்டார். போர்வை மட்டும் அசையாமல், ஆனால் உள்ளுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு கிடந்தது.